லாரியை விரட்டினால் நொய்யலுக்குத்தான் போகும்

செப்டிக் டேங்க் லாரி என்றாலே திருப்பூரில் தீர்ப்பு தயாராக இருக்கிறது. பிடி, அபராதம் போடு, வண்டியைப் பறிமுதல் செய். குடியிருப்போர் சங்க மனுவிலும் அதுதான், டீக்கடைப் பேச்சிலும் அதுதான். ஓடைக்கரையில் ஒரு லாரியை மடக்கிய செய்தி வந்தால் மறுநாள் எல்லோரும் கேட்பதும் அதுதான். இந்தக் கோபத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஓடும் பள்ளத்தில் நள்ளிரவில் மலக்கழிவைத் திறந்துவிட்டுப் போகிறவனை யாரும் மன்னிக்க வேண்டியதில்லை. அந்தக் கோபத்திலிருந்து நாம் எடுக்கும் முடிவைத்தான் மறுக்கிறேன். லாரியை விரட்டினால் ஊர் சுத்தமாகும் என்ற நம்பிக்கை இந்த ஊரின் மண்ணுக்கும் கணக்குக்கும் வரலாற்றுக்கும் பொருந்தாதது. மாநகராட்சியின் சாக்கடை அமைப்புக்குள் லாரிக்கு முறையான வாசல் ஒன்றைத் திறக்க வேண்டும். அந்த வாசலில் ஆள் நிற்க வேண்டும், அளவு பார்க்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும். லாரியைக் கட்டுக்குள் வைக்க எனக்குத் தெரிந்து வேறு வழி கிடையாது.

“லாரிக்காரர் வியாபாரி. அவர் அள்ளும் கழிவுக்கு அவரே வழி தேடிக்கொள்ளட்டும். வரிப்பணத்தில் கட்டிய சாக்கடையை அவருக்கு எதற்குத் திறக்க வேண்டும்?” எதிர்த்தரப்பின் முதல் கேள்வி இது. பதில் எளியது. லாரிக்குள் இருப்பது லாரிக்காரருடைய கழிவா? அது நம்முடையது. திருப்பூர் 2008-இல் மாநகராட்சி ஆனது. 2011-இல் நல்லூர், வேலம்பாளையம் நகராட்சிகளையும் 8 ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு 60 வார்டுகளாக விரிந்தது. அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி இந்த எல்லைக்குள் 8.77 லட்சம் பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் கழிவுநீர் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 8.77 கோடி லிட்டர் வருகிறது. பவானி நீரைத் திருப்பூருக்குக் கொண்டுவந்த நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மென்ட் கார்ப்பரேஷன், பழைய நகரத்துக்கென்று கட்டிய சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு நாளுக்கு 1.5 கோடி லிட்டர். ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். பிறகு அம்ருத் திட்டத்தில் குழாய்கள் பதிக்கப்பட்டன, விரிவாக்கப் பணிகள் நடந்தன. ஆனால் குழாய் வந்து சேரும்வரை, குழாய் வந்த தெருவிலும் வீட்டு இணைப்பு கொடுக்கும்வரை, மிச்சக் குடும்பங்களின் சாக்கடை லாரிதான். சொத்து வரியை எல்லோரும் கட்டுகிறோம். ஊரில் இருக்கும் நிலையத்துக்குப் பழைய நகரத்து வீட்டின் கழிவு குழாய் வழியாகப் போகலாம், வேலம்பாளையத்து வீட்டின் கழிவு லாரி வழியாகப் போகக் கூடாது என்பது என்ன நீதி?

மண்ணின் தன்மையையும் சொல்ல வேண்டும். திருப்பூரைச் சுற்றிக் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும். ஊரைச் சுற்றி இத்தனை பாறைக்குழிகள் கிடப்பதே அதற்குச் சாட்சி. செப்டிக் டேங்கில் கெட்டியானது அடியில் தங்கும், மேல்நீர் உறிஞ்சுகுழி வழியாக மண்ணுக்குள் இறங்கும் என்பது புத்தகத்தில் உள்ள முறை. பாறை மேல் வெட்டிய குழியில் எது இறங்கும்? அதோடு நம் லைன் வீடுகளையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே வரிசையில் அறைகள், அத்தனைக்கும் ஓரிரு கழிப்பறை, ஒவ்வோர் அறையிலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்த நான்கைந்து பேர். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கணக்கில் தாங்கும் தொட்டி இங்கே சில மாதங்களில் பொங்குகிறது. ஆண்டுக்கு 40 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊரின் தொழிலாளர்கள் குடியிருக்கும் இடம் இது. லாரி ஒரு வாரம் ஓடாவிட்டால் அந்தச் சந்துகளில் மனிதர் நடமாட முடியாது.

இனி லாரி ஓட்டுகிறவரின் கணக்கைப் பார்ப்போம். வீட்டுக்காரர் பணம் கொடுப்பது டேங்கை எடுப்பதற்கு மட்டும். எடுத்ததை எங்கே கொட்டினாலும் அந்த வருமானம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. தூரம் போனால் டீசல் போகிறது, நேரம் போகிறது, அன்றைக்கு எடுக்க வேண்டிய அடுத்த லோடு போகிறது. அருகிலேயே ஜம்மனை ஓடை இருக்கிறது, சங்கிலிப்பள்ளம் இருக்கிறது, நல்லாறு இருக்கிறது. நல்லாற்றில் கொட்டியது நஞ்சராயன் குளத்துக்குப் போகும். 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் பதினேழாவது பறவைகள் சரணாலயமான அதே குளம். இந்த நிலையில் அபராதத்தை மட்டும் உயர்த்தினால் என்ன நடக்கும்? கொட்டும் நேரம் நள்ளிரவிலிருந்து இரண்டு மணிக்குத் தள்ளிப்போகும். விளக்கில்லாத பள்ளமாகப் பார்த்துத் தேடுவார்கள். அபராதப் பயத்துக்கும் சேர்த்து வீட்டுக்காரரிடம் கூடுதலாகக் கேட்பார்கள். கொடுக்க முடியாத லைன் வீட்டு உரிமையாளர் மழைநீர் வடிகாலுக்கு ஒரு குழாயை இழுத்துவிடுவார். போக இடம் காட்டாத எந்தத் தடையும் இந்தப் பாதையில்தான் போய் முடியும்.

இதற்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. “சாயப்பட்டறைகளைக் கோர்ட் மூடியதால்தானே நொய்யல் பிழைத்தது? அதே மருந்தை லாரிக்கும் கொடுங்கள்” என்கிறார்கள். நொய்யல் ஆற்றின் கதையை நெஞ்சில் வைத்திருப்பவர்கள் பேசுகிற பேச்சு இது, மதிக்கிறேன். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தொட்டியாகிப்போனது. அணையின் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதன் பிறகும் சாயநீர் ஓடியதால் 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆனால் மூடியதோடு கதை முடிந்ததா? மூடிய மாதங்களில் சாயம் வெளியூர்களுக்குப் போனது. வீட்டின் பின்கட்டிலும் தோட்டத்துச் சாலையிலும் திருட்டுப் பட்டறைகள் முளைத்தன. இன்றைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அவற்றைத் தேடித் தேடி மின் இணைப்பைத் துண்டித்துக்கொண்டிருக்கிறது. நிலைமை மாறியது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கியும் வைத்து, ஒரு சொட்டும் வெளியே விடாமல் ஓட்டிக் காட்டிய பிறகுதான். அதற்கு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. உறுப்பினர் பட்டறை ஒவ்வொன்றிலிருந்தும் குழாய், குழாயில் மீட்டர், ஒவ்வொருவருக்கும் இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற அளவு, மாதக் கணக்கு. மூடல் உத்தரவு ஒரு நெருக்கடியைக் கொடுத்தது. நீரைச் சுத்தம் செய்தது மீட்டரும் கணக்கும் பொருத்திய வழி. அந்த அனுபவத்திலிருந்து மூடல் உத்தரவை மட்டும் எடுத்துக்கொண்டு மீட்டரை விட்டுவிடுகிறோம். லாரி என்பது சக்கரம் வைத்த சாக்கடைக் குழாய். சாயப்பட்டறைக் குழாய்க்குச் செய்ததை இதற்கும் செய்யுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

பொறியாளர்கள் சொல்லும் தடை வேறு மாதிரியானது. செப்டிக் கழிவு கெட்டியானது, துணியும் மணலும் நாப்கினும் நிறைந்தது, சாக்கடைக் குழாயை அடைக்கும், சுத்திகரிப்பு நிலையத்தின் நுண்ணுயிர்களைத் திணறடிக்கும் என்கிறார்கள். உண்மை. கணக்குப் போட்டே பார்க்கலாம். வீட்டுச் சாக்கடை நீரில் லிட்டருக்கு சுமார் 250 மில்லிகிராம் பி.ஓ.டி. இருக்கும், அதாவது நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க வேண்டிய அழுக்கின் அளவு. செப்டிக் கழிவில் அது சில ஆயிரங்களில் இருக்கும். 3,000 என்று வைத்துக்கொண்டால், 6,000 லிட்டர் லாரி ஒன்று 18 கிலோ பி.ஓ.டி.யைச் சுமந்து வருகிறது. சாதாரணச் சாக்கடை நீராக இருந்தால் 72,000 லிட்டருக்குச் சமம். அப்படி 40 லாரிகள் ஒரே நாளில் வந்தால் 1.5 கோடி லிட்டர் நிலையத்தின் சுமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். அத்தனையும் காலை ஒரே மணி நேரத்தில் வந்து கொட்டினால் நிலையம் கெட்டுத்தான் போகும்.

இந்தக் கணக்கு லாரியை அனுமதிக்காதே என்று சொல்கிறதா? எத்தனை லாரி, எந்த நேரத்தில், எவ்வளவு மெதுவாக என்று தீர்மானிக்கச் சொல்கிறது. கம்பிச் சல்லடை, மணல் தங்கும் பள்ளம், மூடிய சேகரிப்புத் தொட்டி ஆகிய மூன்றையும் கட்டினால், பகலில் வாங்கியதை இரவு முழுக்கச் சிறிது சிறிதாக ஓடும் சாக்கடையில் சேர்க்கலாம். திருச்சி மாநகராட்சி தன் கழிவுநீர் உந்து நிலையங்களில் சிலவற்றை லாரிகள் கொட்டுவதற்கென்றே ஒதுக்கிப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. அங்கே வாங்கும் கழிவு சாக்கடை நீரோடு கலந்து பஞ்சப்பூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. சென்னைக் குடிநீர் வாரியமும் தனியார் லாரிகளிடம் கழிவை வாங்குகிறது. செப்டிக் கழிவு பற்றி 2014 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளே உள்ளாட்சிகளைக் குழுக்களாகப் பிரித்து, அருகிலுள்ள சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைத்தன. திருப்பூரில் மட்டும் நடக்காது என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும்.

அப்படி ஒரு காரணம் உண்டு. இந்தக் கட்டுரையில் நான் அதிகம் அஞ்சுவது அதைத்தான். திருச்சி லாரியில் வருவது பெரும்பாலும் வீட்டுக் கழிவாக இருக்கும். திருப்பூர் லாரியில் சாயம் வரலாம். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற ஒரு லிட்டர் சாயநீருக்குப் பல பத்து கிராம் உப்பு போடுகிறார்கள். அந்த உப்பைத் தண்ணீரிலிருந்து பிரிக்கும் செலவுதான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் பெருஞ்செலவு. அந்தச் செலவைத் தவிர்க்க நினைக்கும் திருட்டுப் பட்டறைக்கு, கேள்வி கேட்காமல் வந்து உறிஞ்சிக்கொண்டு போகும் லாரி பெரிய வசதி. நகராட்சி நிலையத்தின் நுண்ணுயிர்கள் மலத்தைத் தின்னும், உப்பைத் தின்னாது. உள்ளே போன உப்பு அப்படியே வெளியே வரும். சலவைப்பட்டறைக் குளோரின் வந்தாலோ நுண்ணுயிர்களே செத்துப்போகும். சுத்திகரித்த நீரைத் தொழிலுக்கோ வயலுக்கோ மறுபடி கொடுக்கலாம் என்ற திட்டம் அதோடு முடிந்தது. ஆகவே “பாவம், லாரிக்காரருக்கு ஏதாவதொரு மேன்ஹோலைக் காட்டிவிடுங்கள்” என்று இரக்கத்தோடு சொல்கிறவர்களையும் நான் ஏற்கவில்லை. கண்ட இடத்தில் மூடியைத் திறந்துகொள்ள விடுவது, நொய்யலில் நேராகக் கொட்டுவதை ஒரு சுற்று சுற்றி அனுமதிப்பதுதான். அமெரிக்காவின் கூட்டாட்சி விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன: வண்டியில் கொண்டுவரும் கழிவைச் சாக்கடை நிர்வாகம் குறித்துக் கொடுத்த இடத்தில் தவிர வேறெங்கும் சாக்கடைக்குள் விடக் கூடாது. அனுமதியும் தடையும் ஒரே வரியில் இருக்கின்றன.

சாயத்தைப் பிடிக்கும் கருவி இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. சாயப்பட்டறை லேப்பில் வேலை செய்யும் எந்தப் பையனிடமும் கையடக்க டிடிஎஸ் மீட்டர் இருக்கும். தண்ணீரில் விட்டால் சில நொடிகளில் உப்பின் அளவு தெரிந்துவிடும். கார அமிலத் தன்மை பார்க்கும் தாள் இன்னும் மலிவு. நிறத்துக்குக் கண் போதும். லாரி வாசலுக்கு வந்ததும் குழாய் மாட்டுவதற்கு முன் ஒரு பாட்டில் மாதிரி எடுத்து இந்த மூன்றையும் பார்த்தால், சாயக் கழிவு ஏற்றி வந்தவர் பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்வார். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பவானித் தண்ணீர் புழங்கும் வீட்டின் கழிவும் உப்பு போர்வெல் தண்ணீர் புழங்கும் வீட்டின் கழிவும் ஒரே எண்ணைக் காட்டாது. முதலில் வார்டு வார்டாக வீட்டுக் கழிவை அளந்து பார்த்து, அதன் பிறகே எல்லை வகுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண்ணை வைத்தால் போர்வெல் நீரை நம்பி வாழும் ஏழைத் தெருக்களின் லாரிகளைத்தான் திருப்பி அனுப்புவோம். எடுத்த பாட்டிலைச் சீல் வைத்துச் சில நாட்கள் பாதுகாக்க வேண்டும். நிலையத்தில் நுண்ணுயிர் செத்த நாளில் எந்த லோடு காரணம் என்று பின்னோக்கித் தேட அது ஒன்றே வழி.

அந்தத் தேடலுக்கு அடிப்படை ரசீது. மூன்று பிரதி. டேங்க் எடுத்த வீட்டில் உரிமையாளர் கையெழுத்து, ஓட்டுநர் கையெழுத்து, கொட்டிய இடத்தில் நிலையத்தின் முத்திரை. எடுத்த நேரத்துக்கும் கொட்டிய நேரத்துக்கும் நடுவே மூன்று மணி நேரம் காணாமல் போனால் கேட்கலாம். எடுத்தது இரண்டு லோடு, கொட்டியது ஒன்று என்றால் கேட்கலாம். 2022-இல் திருத்தப்பட்ட நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும் அதையொட்டி வந்த விதிகளும் லாரிக்கு உரிமம் வேண்டும், ஜிபிஎஸ் வேண்டும் என்கின்றன. நல்ல சட்டம். ஆனால் லாரி எங்கே நின்றது என்பதை மட்டுமே ஜிபிஎஸ் சொல்லும். வயிற்றில் என்ன இருந்தது என்பதை வாசலில் நிற்கும் ஆள்தான் சொல்ல முடியும்.

பணம் கொடுக்கும் முறையும் மாற வேண்டும். மகாராஷ்டிரத்தின் வாய், சின்னர் என்ற இரண்டு சிறு நகரங்கள், வீட்டுக்காரர் கூப்பிடும்வரை காத்திராமல் மூன்றாண்டுக்கு ஒருமுறை தெருத்தெருவாக டேங்க் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தன. செலவுக்கு வீடுகளிடம் வரி வாங்கப்பட்டது. ஒப்பந்ததாரருக்குச் செய்த வேலையைப் பார்த்துப் பணம். திருப்பூரின் லைன் வீடுகளுக்கு மூன்றாண்டு முறை பொருந்தாது. ஆனால் அதன் உள்ளே இருக்கும் கருத்து பொருந்தும்: லாரிக்காரரின் வருமானத்தில் ஒரு பங்கு சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலில் அவர் கைக்கு வர வேண்டும். இப்போது நாம் யோசிப்பது தலைகீழாக இருக்கிறது. வாசலில் கொட்ட வருகிறவரிடம் கட்டணம் வாங்கலாமா என்று யோசிக்கிறோம். ஓடையில் கொட்டுவது இலவசம், முறையாகக் கொட்டுவதற்குக் காசு என்றால் ஓடைதான் ஜெயிக்கும்.

“இதெல்லாம் நாலு வருஷத்துக்குத்தான். பாதாளச் சாக்கடை முழுசா முடிஞ்சா லாரியே இருக்காது” என்று சொல்லி இந்த விவாதத்தையே முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மாநகராட்சி எல்லைக் கல்லோடு ஊர் முடிந்துவிடுகிறது என்று நினைக்கிறார்கள். பல்லடம் சாலையிலும் அவிநாசி சாலையிலும் பின்னலாடைக் கம்பெனிகளும் தொழிலாளர் விடுதிகளும் எல்லையைத் தாண்டி ஊராட்சிகளுக்குள் போய் வெகுகாலம் ஆகிறது. அங்கே பாதாளச் சாக்கடை எந்தத் திட்டத்திலும் அருகில் இல்லை. நகர்ப்புறச் சட்டத்தின் உரிம விதிகளும் அங்கே நேராகச் செல்லாது. அந்தப் பகுதி டேங்குகளை எடுக்கும் லாரி எந்த ஊராட்சியில் கொட்டும்? மாநகராட்சியின் வாசல், மாவட்ட நிர்வாகத்தின் ஏற்பாட்டோடு, எல்லைக்கு வெளியிலிருந்து வரும் லோடையும் வாங்கியாக வேண்டும். வாங்காவிட்டால் அந்தக் கழிவு பள்ளங்களில் இறங்கி, மழையோடு நம் ஓடைகளுக்குத்தான் வரும்.

இதில் உயிர்களும் அடங்கியிருக்கின்றன. பல்லடம் பக்கத்துக் கரைப்புதூரில் 2025 மே மாதம் ஒரு சாய ஆலையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்யப் போன மூன்று தொழிலாளர்கள் நச்சுவாயுவில் மூச்சுத் திணறி இறந்தார்கள். கழிவுத் தொட்டிக்குள் பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்கக் கூடாது என்று, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இறந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இருந்தும் இறங்குகிறார்கள். லாரித் தொழிலைத் திருட்டுத் தொழில்போல நடத்தினால் அதில் நல்ல பம்பும் நீளக் குழாயும் பயிற்சியும் வைத்திருப்பவர் நிற்க மாட்டார். இருட்டில் வேலை முடிக்கிறவரும், அடியில் இறுகிய சேற்றைக் கலைக்க ஆளை இறக்குகிறவரும்தான் மிஞ்சுவார்கள். வாசலில் நிற்கும் ஊழியர் ஒவ்வொரு லாரியிலும் பாதுகாப்புக் கருவி இருக்கிறதா என்று பார்க்க முடியும். ஓடைக்கரையில் அதைப் பார்க்க யாரும் இல்லை. கழிவுநீர்ப் புகாருக்கென்று அரசு 14420 என்ற எண்ணை வைத்திருக்கிறது. அந்த எண்ணில் கூப்பிடுகிற வீட்டுக்கு உரிமமுள்ள லாரி வரும், அந்த லாரிக்குப் போக இடமும் இருக்கும் என்ற நிலை வந்தால்தான் அது முழுப்பயன் தரும்.

கடைசியாக ஒரு மறுப்பு. அதைச் சொல்கிறவர்களிடம் வாதாட எனக்கு மனமில்லை, அவர்கள் பக்கம் நியாயம் அதிகம். வாசல் எங்கே வந்தாலும் அதன் பக்கத்துத் தெரு “எங்க ஊருக்கு வேண்டாம்” என்று சொல்லும். 2025-இல் முதலிபாளையத்திலும் சின்னக்காளிபாளையத்திலும் பாறைக்குழியில் மாநகரக் குப்பையைக் கொட்டியபோது மக்கள் எதிர்த்துத் தெருவுக்கு வந்ததை எல்லோரும் பார்த்தோம். ஊருக்கு வெளியே இருக்கும் மக்களின் தலையில் ஊரின் அழுக்கைக் கேட்காமல் கொட்டும் பழக்கம் திருப்பூருக்கு உண்டு. செப்டிக் கழிவுக்கு அதே வழியில் போனால் அதே எதிர்ப்பு வரும், வர வேண்டும். எனவே இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே வார்டு மக்களிடம் போக வேண்டும். கழிவைத் திறந்த குழியில் கொட்டாமல், லாரிக் குழாயை நேராகத் தொட்டியின் வாயில் பூட்டித்தான் இறக்க வேண்டும். நாற்றத்துக்கு வடிகட்டி, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் லாரிக்குத் தடை, தெருவுக்குள் நுழையாத தனிப் பாதை ஆகிய மூன்றும் கட்டுமான மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டும். ஒவ்வொரு நாளும் வந்த லாரி எண், எடுத்த வார்டு, உப்பின் அளவு, திருப்பி அனுப்பிய லோடுகள் எல்லாம் வாசல் பலகையில் எழுதி வைக்கப்பட வேண்டும். அந்தப் பலகை எழுதப்படாத நாளில் வாசலை மூடச் சொல்லும் உரிமையை மாமன்றம் தன் தீர்மானத்திலேயே அந்தத் தெரு மக்களுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.